தாயும் ஆன மகன்

(மகா சிவராத்திரி விழாவில் இரண்டாம் யாமப் பூசைக்குப் பின் நிகழ்த்திய சொற்பொழிவு)

சிவமயம்



மாசித் திங்கள் தேய்பிறைச் சதுர்த்தசியாகிய இவ்விரவு, நான்கு யாமமும் விழித்திருந்து சிவபெருமானை வழிபடும் திருவிரவு. இரண்டாம் யாமத்துப் பூசை இப்போதுதான் நிறைவேறியது. மூன்றாம் யாமத்து மணி ஒலிக்கும் வரையில் உங்கள் கண்கள் மூடாமல் பார்த்துக்கொள்ளும் பணியை விழாக் குழுவினர் அடியேனிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்.

தொடங்குமுன் ஒரு வேண்டுகோள். அடியேனுடைய நா முன்போல் விரைந்து ஓடாது. இடையிடையே ஒரு சொல்லைத் தேடிக்கொண்டு நிற்பேன். அவ்வாறு நிற்கும்போது அன்பர்கள் எடுத்துக் கொடுக்க வேண்டா. பொறுத்திருந்தால் சொல் வரும். இந்த நாவுக்கு என்ன நேர்ந்தது என்பதும், அதை மீட்டுக் கொடுத்தவர் யார் என்பதும், அவருக்கு நான் பட்டிருக்கும் நன்றி எத்தகையது என்பதுமே இன்றைய பேச்சின் பொருள்.

நம் தென்பாண்டிச் சீமையில் சிவராத்திரிக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. இது குலதெய்வம் கும்பிடும் நாள். சென்னைக்கும் கோவைக்கும் திருப்பூருக்கும் பிழைப்பைத் தேடிச் சென்றவர்கள், கடல் கடந்து சென்றவர்கள்கூட, இந்நாளில் தத்தம் முன்னோர் ஊருக்குத் திரும்பி வருகிறார்கள். போனவர்கள் திரும்பி வருவதன் அருமையை நம் சீமை நன்கு அறியும். 1922ஆம் ஆண்டில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று, அடுத்த ஆண்டில் ஊர் திரும்பினார்கள். அவர்கள் அங்கேயே தங்கிவிட்டிருந்தால் மழையை நம்பிக் கிடந்த இக்கரிசல் பூமியின் வரலாறு வேறாகியிருக்கும். தொழிலைக் கையில் ஏந்தித் திரும்பிய அவ்விருவரையும் நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் கையில் ஒன்றும் ஏந்தாமல், இருந்த வேலையையும் விட்டுவிட்டு, நோயுற்ற தாய்க்காகவும் தந்தைக்காகவும் ஊர் திரும்பும் பிள்ளைகளை அவ்வாறு நினைக்கிறோமா?

தாயில்பட்டி என்னும் நம் ஊர்ப்பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பெயரின் வரலாற்றை ஆராய்ந்து சொல்ல நான் வரவில்லை. தமிழாசிரியனுக்குச் சொல்லைக் கண்டால் பிரித்துப் பார்க்கும் பழக்கம் போகாது. அந்தப் பழக்கத்தால் சொல்கிறேன். ‘இல்’ என்பதற்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. இல்லை என்பது ஒன்று. வீடு என்பது மற்றொன்று. ஆகவே ‘தாய் இல்’ என்பதைத் தாய் இல்லாதது என்றும் கொள்ளலாம். தாயின் வீடு என்றும் கொள்ளலாம். சொல் ஒன்றே, பொருள் இரண்டும் இரவும் பகலும் போன்றவை. என் வீடு முதற்பொருளில் பல ஆண்டுகள் கிடந்தது. அது எவ்வாறு இரண்டாம் பொருளுக்கு மாறிற்று என்பதைக் கேளுங்கள்.

என் மனைவி சிவபதம் அடைந்து எட்டு ஆண்டுகள் ஆகின்றன. எங்களுக்கு ஒரே மகன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தான். மனைவியோடும் பெண் குழந்தையோடும் அங்கேயே குடியிருந்தான். நான் இங்கே தனியாக, ஓய்வூதியமும் புத்தகங்களுமாகக் காலங்கழித்தேன். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவர்கள் வருவார்கள். மூன்று நாள் வீடு நிறைந்திருக்கும். பிறகு கதவைச் சாத்திக்கொண்டு படுப்பேன்.

ஓராண்டு, தீபாவளி கழிந்த மூன்றாம் நாள். அவர்கள் முந்தின மாலைதான் திருப்பூர் திரும்பியிருந்தார்கள். விடியற்காலையில் எழுந்து வாய் கொப்பளிக்கச் செம்பை எடுத்தேன். வலக்கை பிடிக்கவில்லை; செம்பு விழுந்தது. பால் ஊற்ற வந்த அம்மாளைக் கூப்பிட நினைத்தேன். ஒலி வந்தது, சொல் வரவில்லை. அந்த அம்மாள் என் முகம் கோணியிருப்பதைக் கண்டதும் அண்டை வீட்டாரைக் கூவி அழைத்து, சற்றும் தாமதியாமல் வண்டியேற்றி அனுப்பினார்கள். அந்த அம்மாளுக்கும் இந்தச் சந்நிதியில் என் வணக்கம்.

மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாயில் உறைந்த இரத்தம் அடைத்துக்கொள்வதால் இவ்வகைப் பக்கவாதம் வருகிறது. அடைப்பைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்திற்குள் செலுத்த வேண்டும். எவ்வளவு விரைவாகச் செலுத்துகிறார்களோ அவ்வளவு நன்மை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். ஆகவே அன்பர்களே, யாருக்கேனும் முகம் ஒரு பக்கம் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சுக் குழறினாலும், விடியட்டும், பார்க்கலாம் என்று காத்திராதீர்கள். கைவைத்தியம் செய்துகொண்டும் இராதீர்கள். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இதைச் சொல்வதும் இன்றிரவு ஒரு சிவத்தொண்டு என்றே கருதுகிறேன்.

எனக்கு உயிர் தங்கியது. ஆனால் வலக்கை போயிற்று, வலக்கால் இழுத்துக்கொண்டது, பேச்சு அறவே நின்றது. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் பேசிப் பிழைத்தவனுக்குப் பேச்சு இல்லை!

மகன் அன்று பிற்பகலே வந்து சேர்ந்தான். ஒரு வாரம் விடுப்பு என்றான். ஒரு வாரம் ஒரு மாதமாயிற்று. மாத முடிவில் வேலையை விட்டான். சிவகாசியில் ஓர் அச்சகத்தில், பழைய ஊதியத்தில் பாதிக்குக் கணக்கெழுதும் வேலையில் அமர்ந்தான். குழந்தையின் முழுப்பரீட்சை முடிந்ததும் மருமகளும் பேத்தியும் வந்தார்கள். மருமகள் திருப்பூரில் தையல் வேலை பார்த்துத் தன் கையால் சம்பாதித்தவள். ‘நீங்க முதல்ல போங்க; மாமாவைப் பாருங்க. நாங்க பின்னாடி வர்றோம்’ என்று அவள் சொல்லியிராவிட்டால் அவன் வந்திருக்க முடியாது. மகன் திரும்பி வந்தான் என்று ஊரார் புகழ்கிறார்கள். தன் ஊரும் அல்லாத ஊருக்கு, தன் தொழிலையும் விட்டுவிட்டு மருமகள் வந்தாள் என்பதை அவர்கள் சொல்ல மறந்துவிடுகிறார்கள். நான் மறந்தால் எனக்கு உய்தி இல்லை.

மகன் என்னைக் குளிப்பாட்டினான். இடக்கையால் உண்ண நான் பழகும் வரையில் ஊட்டினான். படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணிக்கொரு முறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு இரவெல்லாம் எழுந்தான். சிவராத்திரிக்கு நான்கு யாமம். அதுவும் ஆண்டுக்கு ஒருநாள். நோயாளியின் கட்டிலருகே பாய் விரித்துப் படுப்பவனுக்கோ இரவுதோறும் சிவராத்திரி! அங்கே தீபாராதனை இல்லை, பிரசாதம் இல்லை, எழுந்து வந்து பார்ப்பாரும் இல்லை.

இவ்வளவுக்கும் நான் செய்தது என்ன? கோபித்தேன். வளர்த்த பிள்ளையின் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கிடப்பது ஒரு தந்தைக்கு எளிதன்று. வெட்கம் கோபமாக மாறி வெளிப்படும். ஒருநாள் கஞ்சி டம்ளரை இடக்கையால் தட்டிவிட்டேன். கஞ்சி அவன் சட்டையெல்லாம் வழிந்தது. நல்ல வேளையாகச் சுடவில்லை; எனக்காக ஆற்றித்தான் கொண்டுவந்திருந்தான். துடைத்துக்கொண்டு மறுபடியும் அடுப்படிக்குப் போனான்.

மற்றொரு நாள் நடந்தது இதனினும் கொடியது. என்னைக் காண வந்த நண்பர் ஒருவர், ‘வாத்தியாரய்யா, நீங்க குடுத்து வச்சவரு. ஆனாலும் பெத்த பிள்ளை பாக்கிறது கடமைதான?’ என்றார். ஆம் என்று தலையை அசைத்தேன். பேச்சில்லாதவனுக்குத் தலையே வாய். அப்போது மகன் காப்பியுடன் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தான், பின்னர்தான் கண்டேன். நண்பருக்குக் காப்பியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனான். ஒன்றும் சொல்லவில்லை. அன்றிரவும் மணி வைத்து எழுந்து என்னைப் புரட்டிப் படுக்கவைத்தான். அந்தத் தலையசைப்பைத் திருத்திச் சொல்லவே இன்று இம்மேடை ஏறினேன்.

பேச்சு எவ்வாறு திரும்பிற்று? மருத்துவமனையில் காட்டிக்கொடுத்த பயிற்சியை அவன் வீட்டில் நாள்தோறும் நடத்தினான். பேத்தியின் முதல் வகுப்புப் புத்தகத்தை என் மடியில் வைத்து, படத்தைத் தொட்டுக் காட்டி, ‘இது என்னப்பா? சொல்லுங்கப்பா’ என்பான். அவனுக்கு அந்த எழுத்துக்களைக் கற்பித்தவன் நான். இப்போது அவன் ஆசிரியன், நான் மாணாக்கன். மாணாக்கனைவிட ஆசிரியனுக்குப் பொறுமை அதிகம் இருந்தது.

தை மாதத்தில் ஒருநாள் அவனைப் பெயர் சொல்லி அழைக்க முயன்றேன். பெயர் வரவில்லை. ‘அம்மா’ என்று வந்தது. தலையை உதறிக்கொண்டு மறுபடி முயன்றேன். மறுபடியும் ‘அம்மா’ என்றே வந்தது. மூளையில் இவ்வகைப் பாதிப்பு உற்றவர்களுக்கு மனம் நினைத்த சொல் ஒன்றும் வாயில் வரும் சொல் வேறொன்றுமாக அமைவது உண்டு என்று மருத்துவர் பின்னர் விளக்கினார். எனக்கோ வெட்கம். அவன் கூசவில்லை, சிரிக்கவும் இல்லை. ‘என்னப்பா?’ என்று கேட்டுக்கொண்டு அருகில் வந்து நின்றான். அதன்பின் இரண்டு மாத காலம், அவன் பெயர் என் வாயில் வரும் வரைக்கும், எங்கள் வீட்டில் அதுவே அவனுக்குப் பெயராக இருந்தது.

அது நோயினால் வந்த பிழை என்று மருத்துவம் சொல்லும். மருத்துவம் சொல்வது மெய்யே. ஆனாலும் திருச்சிராப்பள்ளி மலையை நினைக்கும்போது அதைப் பிழை என்று தள்ள என் மனம் ஒப்பவில்லை.

அத்திருத்தலத்து வரலாறு நீங்கள் அறிந்ததே. இரத்தினாவதி என்னும் வணிகர் குலப் பெண்ணுக்குப் பேறுகாலம் நெருங்குகிறது. துணைக்கு வரவேண்டிய தாய் பூம்புகாரிலிருந்து புறப்பட்டுவிட்டாள். வழியில் காவிரியில் பெருவெள்ளம். அக்கரையிலேயே நின்றுவிட்டாள். இங்கே மகளுக்கு நோவு கண்டுவிட்டது. அவள் சிராமலைப் பெருமானை நினைந்து அழுதாள். அவ்வேளையில் அவள் தாயே வந்தாற்போல் ஓர் அம்மை வந்தாள். மகப்பேறு பார்த்தாள், தாய்க்கும் சேய்க்கும் வேண்டியவெல்லாம் செய்தாள். வெள்ளம் வடிந்தபின் உண்மைத் தாய் மருந்து மூட்டையுடன் வந்து நின்றபோது, முன்னே வந்த தாய் மறைந்து பெருமானாகக் காட்சியளித்தாள். அன்றுமுதல் பெருமானுக்குத் தாயுமானவர் என்று திருப்பெயர். வடமொழியில் மாத்ருபூதேசுவரர் என்பார்கள். அப்பெயருக்குத் தாயாகவே ஆன ஈசர் என்பது பொருள்.

இவ்வரலாற்றில் நாம் ஊன்றி நோக்க வேண்டியது ஒன்று உண்டு. எல்லாம் வல்ல பெருமான் காவிரி வெள்ளத்தைக் கணத்தில் வற்றச் செய்திருக்கலாம். நோவே தெரியாமல் பிள்ளை பிறக்கச் செய்திருக்கலாம். அவ்வாறு செய்யவில்லை. தாயின் வடிவெடுத்து வந்து, அருகில் அமர்ந்து, கையால் செய்ய வேண்டியதைக் கையால் செய்தார். தாய்மையாவது உடன் இருத்தல். வேண்டியதைக் கேளாமல் அறிந்து செய்தல். ஆணுருவும் பெண்ணுருவும் அதற்குத் தடை அல்ல. இறைவனே தாயாக வரலாமென்றால், ஒரு மகனும் தாயாக வரலாம் அன்றோ? அன்று என் நா உளறவில்லை. எதிரில் நின்றவன் எனக்கு யாராக இருந்தான் என்பதைத்தான் சொல்லிற்று.

இனி அந்தக் கடமை என்னும் சொல்லுக்கு வருவோம். பெற்றோரைப் பேணுதல் பிள்ளைகளின் கடமை அன்றோ எனின், கடமையே. ஐயமில்லை. 2007ஆம் ஆண்டில் நம் நாட்டில் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென ஒரு சட்டமே இயற்றப்பட்டது. கைவிடப்பட்ட தாய்தந்தையர் அச்சட்டத்தின் வழியே தம் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை பெறலாம். அவ்வளவும் வேண்டியதே. ஆயினும் எண்ணிப் பாருங்கள். சட்டம் மாதந்தோறும் பணத்தைக் கொடுக்கச் செய்யும். நள்ளிரவில் எழுந்து கஞ்சியை ஆற்றச் செய்யுமா? ‘அம்மா’ என்று தவறாக அழைத்த தந்தைக்குச் சிரிக்காமல் ‘என்னப்பா’ என்று விடைசொல்ல வைக்குமா? கடமை முடிகிற இடத்துக்கு அப்பாலும் ஒரு நெடுவழி இருக்கிறது. அவ்வழியில் நடந்து வருகிறவருக்கு நன்றி சொல்லாமல் எவ்வாறு இருப்பது?

கடமை என்னும் சொல் செய்பவன் வாயில் அழகு. ‘நான் என்ன பெரிதாகச் செய்துவிட்டேன், என் கடமைதானே’ என்று மகன் சொன்னால் அது அடக்கம். அதே சொல்லைப் பெற்றுக்கொள்ளும் தந்தை சொன்னால், அது கடன் கொடுத்தவன் வட்டி வசூலிக்கும் பேச்சாகிவிடும். நான் தலையசைத்தது அத்தகைய வசூலே.

திருவள்ளுவர் மக்கட்பேற்றை 7ஆம் அதிகாரத்திலும் செய்ந்நன்றியறிதலை 11ஆம் அதிகாரத்திலும் வைத்தார். முன்னதில் தந்தை மகனுக்குச் செய்ய வேண்டியதையும், மகன் தந்தைக்குச் செய்யும் கைம்மாற்றையும் கூறினார். பின்னதில், நன்றியை அயலாருக்கு மட்டும் சொல்லுங்கள், சொந்தப் பிள்ளைக்கு வேண்டா என்று எங்கும் விதிவிலக்குச் செய்யவில்லை. உதவியின் அளவு உதவியில் இல்லை, அதைப் பெற்றுக்கொண்டவரின் பண்பில்தான் இருக்கிறது என்னும் கருத்தையும் அங்கேயே வைத்தார். பெற்றுக்கொண்டவன் நான். ஆகவே என் மகன் செய்த உதவி பெரிதா சிறிதா என்பதை அவன் செயல் காட்டுவதற்கு முன்னே என் பண்பு காட்டிவிடும். நினைக்கவே அச்சமாக இருக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் தாய்மார்களில் சிலர் முகம் வாடுவதைக் காண்கிறேன். ‘உம்முடைய பிள்ளை வந்தான், என் பிள்ளை வரவில்லையே’ என்பது அந்த வாட்டத்தின் பொருளாக இருக்கலாம். அவர்களுக்கும் தாயுமானவர் வரலாற்றில் ஆறுதல் இருக்கிறது. காவிரியின் அக்கரையில் நின்ற தாயை நினையுங்கள். அவளுக்கு அன்பு இல்லையா? மருந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கரையில் நின்று தவித்தவள் அவள். அன்பு இருந்தது, ஆற்றில் வெள்ளம் இருந்தது. இக்காலத்துப் பிள்ளைகளுக்கும் எத்தனையோ வெள்ளங்கள். தீராத கடன் ஒரு வெள்ளம். குழந்தைகளின் படிப்பு ஒரு வெள்ளம். அயல்நாட்டில் முதலாளி விடுப்புத் தராதது ஒரு வெள்ளம். வராத பிள்ளைகள் எல்லாரும் அன்பில்லாதவர்கள் என்று முடிவு கட்ட வேண்டா. அவர்கள் அக்கரையில் நிற்கும்போது இக்கரையில் உங்களுக்குத் தண்ணீர் எடுத்துக் கொடுப்பவர் யாரோ, அவர் வடிவில் தாயுமானவர் வந்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். எனக்கு முதலில் வந்தவர் பால் ஊற்றும் அம்மாள் அல்லரோ?

பிள்ளை போன நாளைக் கொண்டு அவனை எடைபோடலாகாது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே ஒரு பெருஞ்சான்று உண்டு. திருமேனிநாதர் எழுந்தருளியிருக்கும் திருச்சுழியில் 1879ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் பிறந்தவர் பகவான் ரமண மகரிஷிகள். 1892இல் தந்தையார் சுந்தரம் ஐயர் மறைந்தார். 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு 29ஆம் நாள், பதினாறு வயதில், மதுரையிலிருந்து ஒருவரிடமும் சொல்லாமல் புறப்பட்டு, செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலை சேர்ந்தார். தாயார் அழகம்மையார் கைம்பெண். மகன் எங்கே சென்றான் என்று தெரியாமல் ஈராண்டு தவித்தார். 1898இல் பவழக்குன்றில் அவரைக் கண்டு, பல நாள் அழுது அழைத்தார். மகன் மௌனம் கலையவில்லை, வரவில்லை. அன்று அந்தத் தாயைப் பார்த்தவர்கள் என்ன பேசியிருப்பார்கள்? கல்நெஞ்சன் என்றே பேசியிருப்பார்கள்.

1914ஆம் ஆண்டில் அத்தாயார் மகனைக் காண மலைக்கு வந்தபோது கடுங்காய்ச்சலில் வீழ்ந்தார். உலகத்தைத் துறந்தவர் என்று நாம் சொல்லும் அந்த மகன், இரவும் பகலும் அருகிருந்து பணிவிடை செய்தார். தாயின் காய்ச்சல் தணிய அருணாசலத்தை வேண்டிப் பாடல்களும் இயற்றினார். 1916ஆம் ஆண்டில் தாயார் மகனிடமே வந்து தங்கினார். 1922ஆம் ஆண்டு மே 19ஆம் நாள் இறுதி வந்தது. மகன் அன்று முழுவதும் தாயின் பக்கத்தை விட்டு எழவில்லை. வலக்கையைத் தாயின் மார்பிலும் இடக்கையைத் தலையிலும் வைத்து, இரவில் உயிர் ஒடுங்கும் வரையில் அமர்ந்திருந்தார். அத்தாயின் சமாதிமேல் எழுந்த கோயிலுக்கு 1949ஆம் ஆண்டு மார்ச் 17ஆம் நாள் குடமுழுக்கு நிகழ்ந்தது. அங்குள்ள இலிங்கத்தின் திருப்பெயர் என்ன தெரியுமா? மாத்ருபூதேசுவரர்! சிராப்பள்ளிப் பெருமானின் திருப்பெயரே அருணாசலத்திலும் விளங்குகிறது. பிள்ளை வீட்டுக்குத் திரும்பாவிட்டாலும், தாயைத் தன்னிடத்தில் வைத்துப் பேணினால் அதுவும் வீடு திரும்பியதே.

நோயுற்றவர்களாகிய நாம் செய்யக்கூடிய நன்றி யாது? அதற்குத் திலகவதியம்மையாரிடம் பாடம் கேட்போம். தாயும் தந்தையும் மறைந்தனர். மணம் பேசியிருந்த கலிப்பகையார் போரில் மாண்டார். அம்மையாரும் உயிர் துறக்கத் துணிந்தார். தம்பியார் மருள்நீக்கியார் காலில் விழுந்து அழுதபோது, அத்தம்பிக்காக உயிர் தாங்கினார். அந்தத் தம்பி வளர்ந்து வேறு சமயம் புகுந்து பாடலிபுத்திரத்தில் தருமசேனர் என்று உயர்ந்தார். பின்னர்ச் சூலைநோயால் துடித்து, நள்ளிரவில் திருவதிகைக்கு வந்து தமக்கையின் அடியில் வீழ்ந்தார். ‘இத்தனை நாள் எங்கே இருந்தாய்?’ என்று அம்மையார் கேட்டாரில்லை. திருநீறு அளித்து வீரட்டானத்துக்கு அழைத்துச் சென்றார். அவ்வாறு வந்தவரே நமக்குத் திருநாவுக்கரசராகக் கிடைத்தார்.

இதில் நோயாளிக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. பிள்ளைக்காக உயிரைத் தாங்க வேண்டும் என்பது முதலாவது. ‘நான் செத்தாலும் போகிறேன், மருந்து வேண்டா’ என்று முகத்தைத் திருப்பிக்கொள்வது, நமக்காக ஊரைவிட்டு வந்தவனின் உழைப்பை மண்ணில் கொட்டுவதாகும். மருந்தை உண்பதும், வலித்தாலும் காலை எடுத்து நான்கடி நடப்பதும் நாம் செலுத்தக்கூடிய நன்றி. வந்தவனிடம் கணக்குக் கேட்கலாகாது என்பது இரண்டாவது. முன்பே வந்திருக்கலாமே, போன தீபாவளிக்கு ஏன் இரண்டு நாளில் போனாய் என்று தோண்டலாகாது. வந்தது போதும்.

மூன்றாவதும் ஒன்று உண்டு. அதுவே கடினமானது. தாயுமானவர் வெள்ளம் வடிந்ததும் என்ன செய்தார்? மறைந்தார். தாயாக வந்தவர் என்றும் தாயாகவே கட்டுண்டு இருக்க வேண்டும் என்பதில்லை. இப்போது நான் கோலூன்றி நடக்கிறேன், இடக்கையால் எழுதுகிறேன், உங்கள்முன் பேசவும் செய்கிறேன். மகனுடைய பழைய முதலாளி அவனைத் திரும்ப அழைத்திருக்கிறார். அவன் என்னிடம் சொல்லவில்லை. பேத்திதான் சொன்னாள், ‘தாத்தா, அப்பா போகமாட்டேன்னுட்டாரு’ என்று. அதைக் கேட்டு முதலில் எனக்கு உண்டானது மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சியைக் கண்டு பிறகு நாணினேன். உதவியை வாங்கிக்கொண்டு உதவியவனைக் கட்டிப்போடுவது நன்றி ஆகாது. நன்றியுடையவன் உதவியவனுக்கு வழியும் விட வேண்டும்.

அன்பர்களே, என் மகன் அதோ தூணருகே நின்றுகொண்டிருக்கிறான். நான் விழுந்துவிடக் கூடாதே என்று மேடையையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். வீட்டில் அவனிடம் இதைச் சொல்லப் பலமுறை முயன்றேன். நாவினால் அன்று; வழக்கத்தினால் வரவில்லை. நம் ஊரில் தந்தை மகனுக்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. வழக்கம் இல்லாததைச் சொல்லச் சந்நிதி வேண்டியிருக்கிறது. இறைவன் கேட்க, ஊரார் கேட்கச் சொல்கிறேன்.

ஐயா! அன்று அந்த நண்பரிடம் நான் தலையசைத்தது பொய். நீ செய்தது கடமை அன்று, கருணை. என் தாய் எனக்குச் செய்ததை நான் மறந்துவிட்ட வயதில், மறுபடியும் செய்து நினைவூட்டினாய். உனக்கும், உன்னோடு வந்த என் மருமகளுக்கும் இந்தக் கிழவன் நன்றி சொல்கிறான். வருகிற சித்திரையில் நீங்கள் திருப்பூருக்குப் புறப்படுங்கள். நான் பார்த்துக்கொள்கிறேன், பால் ஊற்றும் அம்மாள் இருக்கிறார்கள், பெருமான் இருக்கிறார். போய் வாருங்கள்.

மெய்யன்பர்களே! மூன்றாம் யாமத்து மணி ஒலிக்கப்போகிறது. இன்றிரவு விழித்திருந்த பயனாக ஒன்றைச் செய்யுங்கள். உங்களுக்காக விழித்திருந்தவர் ஒருவரை நினையுங்கள். அவர் உயிரோடு இருந்தால், விடிந்ததும் அவரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். சொல்லும் ஆற்றல் எந்த விடியற்காலையில் நம்மை விட்டுப் போகும் என்று தெரியாது. போய் மீண்டவன் சொல்கிறேன், கேளுங்கள்.

தாய் இல்லாத வீடுகளெல்லாம் தாயின் வீடுகளாகுக என்று தாயுமானவர் திருவடிகளை வணங்கி அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்